சப்பரத்துக்குப் போன நாலு டயர்

உ

மேல்பிரிவு,
வெள்ளைக்கல் தோட்டம்,
பசறை வழி, பதுளை.
விஜயதசமிக்கு மறுநாள்.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் துஷாந்த் அவர்களுக்கு, மாமனார் நல்லையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் விஜயலெட்சுமியும் தோட்டத்துக் கோயில் அம்மாள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் மகள் தனுஜாவும் அப்படியே இருக்க அந்தத் தாயையே வேண்டிக்கொள்கிறோம். எங்கள் விறகுக் கொட்டகையில் நிற்கும் உங்கள் காரும் சௌக்கியம். மழையில் அது நனையவில்லை. விறகுதான் நனைகிறது.

வெள்ளிக்கிழமை நீங்கள் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து, புதுச் சக்கரங்கள் நாலையும் காரில் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அந்தப் பக்கத்து ஓட்டத் திடலில் 'ட்ராக் டே' என்று சுற்றிச் சுற்றி ஓடப்போகிறீர்கள் அல்லவா? அந்தச் சக்கரங்கள் இப்போது என்னிடம் இல்லை. திருட்டுப் போகவில்லை, உடையவில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று எனக்கும் தெரியும், இந்தத் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் போய்க் கேட்க முடியாது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் உடனே, "பரவாயில்ல மாமா" என்பீர்கள். கல்யாணம் ஆகி இந்த ஒரு வருடத்தில் என்னை நம்பி நீங்கள் ஒப்படைத்த முதல் பொருள் அது. அந்தப் 'பரவாயில்ல'யைக் காதால் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. பதுளைக் கடைவீதி டயர்க் கடை ஹிஷாம் தம்பி சாமான் எடுக்க லொறியில் கொழும்புக்கு வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களை எங்களுக்குச் சொன்ன தரகர், "கொழும்புல கம்பியூட்டர் கம்பனில வேலைங்க, குடி இல்ல, சிகரட் இல்ல, சொந்தக் கார் இருக்கு" என்றார். கார் என்றால் நாலு பேர் உட்காரலாம் என்று நான் நினைத்தது என் அறியாமை. பொங்கலுக்கு முதல்நாள் நீங்கள் இருவரும் வந்து இறங்கியபோதுதான் பார்த்தேன், இரண்டே இருக்கை, தலைக்கு மேல் மடித்து வைக்கிற துணிக் கூரை. பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். பெட்டிகள் பின்னால் பஸ்ஸில் வருகின்றன என்றீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு வண்டியில், பெட்டிகள் தனியாக டிக்கட் எடுத்து இன்னொரு வண்டியில் என்று மறுவீட்டுக்கு வந்தது இந்த ஊவா மாகாணத்திலேயே நம் குடும்பம் ஒன்றுதான். பெட்டிகளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததாகக் கண்டக்டர் சொன்னார், எனக்குச் சந்தோஷம். அதோடு முடிந்ததா? தோட்டத்து ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிற தண்ணீர்க் கானில் உங்கள் காரின் அடிவயிறு தட்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, உங்கள் இருவரையும் உள்ளே உட்கார வைத்தபடியே காரைத் தூக்கிக் கானுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். இங்கே அப்படி எல்லாரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வருவது அம்மாளை மட்டும்தான் மாப்பிள்ளை. உங்களுக்குக் கிடைத்த மரியாதை சின்ன மரியாதை அல்ல.

போன முறை வந்தபோது, ஓட்டத் திடல் இங்கிருந்து கிட்டத்தானே, கார் இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லி, எங்கள் விறகுக் கொட்டகையைக் காலி செய்து காரை உள்ளே விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் ரயிலேறிப் போனீர்கள். அன்றிலிருந்து உங்கள் மாமியார் ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்கிறாள். மகளைப் பிரிந்த சோகம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். கார்ச் சாவியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வைத்த நாளிலிருந்து அதைத் தொட்டதுகூட இல்லை.

அதுவரைக்கும் உங்கள் போனில் என் பங்குக்கு வந்ததெல்லாம், "சுகமா மாமா? இந்தா தனுஜாகிட்ட குடுக்கிறேன்" என்ற இரண்டு பேச்சுத்தான். கார் இங்கே வந்த பிறகு பின்னேரமானால் போன், அதுவும் எனக்கே. தனுஜாவிடம் பேச வேண்டும் என்று உங்கள் மாமியார் பக்கத்தில் நின்று கையை நீட்டினாலும் நீங்கள் விடவில்லை. மாப்பிள்ளை என்னிடம் மணிக்கணக்கில் பேசுகிறார் என்று கோயில் கமிட்டியில்கூடச் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, நீங்கள் பேசுவது டயரோடு, நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை என்று.

டயர் அளவு என்று ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தீர்கள். இருநூற்றைந்து, நாற்பத்தைந்து, பதினேழு. முதலாவது டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது அதன் பக்கச் சுவரின் உயரம், அதுவும் நேராகச் சொல்லாமல் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. மூன்றாவது ரிம்மின் வட்டம், அங்குலத்தில். ஒரே சாமானை மூன்று அளவையில் எழுதிய பட்டியலை நான் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில் யாராவது என் மேசைக்குக் கொண்டு வந்திருந்தால், கொண்டுவந்தவரையும் சேர்த்தே திருப்பி அனுப்பியிருப்பேன். காரோடு வந்த டயரின் அகலம் இருநூற்றைந்து. உங்களுக்கு வேண்டியது இருநூற்று இருபத்தைந்து. வித்தியாசம் என் பெருவிரல் அகலம். அந்தப் பெருவிரலுக்காக மாமனும் மருமகனும் ஒரு மாதம் வாதாடினோம்.

நான் இளவயதில் அவசரத்துக்குத் தோட்டத்துத் துரையின் ஜீப்பை ஓட்டியவன், மலை ரோடு எனக்குப் புதிதல்ல. அகலம் கூடினால் பாரம் கூடும், சின்ன எஞ்சின் இழுக்கத் திணறும், வட்டம் பெரிதானால் கியர் மந்தமாகும், முதலில் இருநூற்றைந்தில் ஓட்டப் பழகுங்கள் என்று தன்மையாகச் சொன்னேன். "மாமா, முடக்குல திரும்பும்போது பிடிமானம் வேணும் மாமா" என்றீர்கள். சரி. அகல டயருக்கு ஏழு அங்குல அகல ரிம் போதாது, எட்டு வேண்டும் என்றீர்கள். அதுவும் சரி. பிறகு ஓஃப்செட் என்று ஒன்றைக் கொண்டு வந்தீர்கள். நட்டுப் பூட்டுகிற முகம் ரிம்மின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதாம். அந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே ஒடுங்குமாம், குறைந்தால் தொப்பை மாதிரி வெளியே தள்ளுமாம், ரொம்பத் தள்ளினால் மட்கார்டில் உரசுமாம், உரசினால் மட்கார்டின் விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கிய காரை நீங்களே மடிக்கப் போவதாகச் சொன்னீர்கள். நான் "ஆமாங்க மாப்பிள்ளை" என்றேன். மருமகனிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

விரல் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எத்தன விரல் போகுதுன்னு பாருங்க மாமா" என்றீர்கள். யாருடைய விரல் என்று கேட்டேன், சிரித்தீர்கள். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. என் விரல் பேனை பிடித்த விரல், மூன்று போனது. உறுதிப்படுத்த உங்கள் மாமியாரைக் கூப்பிட்டேன், அவளுக்கு இரண்டுதான் போனது, மூன்றாவது மாட்டிக்கொண்டு அதை எடுக்கத் தேங்காயெண்ணெய் தேவைப்பட்டது. இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தேன். நீங்கள் திருப்திப்படாமல், தையல் நாடாவைக் கொண்டு அளக்கச் சொன்னீர்கள். சேற்றில் மல்லாந்து படுத்து, நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு அளந்தேன். கொட்டகைக்கு வெளியே தெரிந்தது என் இரண்டு கால் மட்டும்தான். லயத்து வீடுகள் பக்கமெல்லாம், "கிளாக்கரய்யாவக் கார் ஏத்திருச்சாம்" என்று செய்தி பரவி, எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் பார்க்க வந்துவிட்டார்கள்.

கடைசியில் நான் தோற்றேன், நீங்கள் கேட்டபடியே சாமான் வந்தது. எட்டு அங்குல அலோய் ரிம், இருநூற்று இருபத்தைந்து டயர். ஹிஷாம் தம்பி தன் கடையிலேயே டயரை ரிம்மில் ஏற்றி, வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார். "ஐயா, இது ரேஸ் ஓடுற டயர், மெழுகு மாதிரி சொஃப்டு. கல்லு, கண்ணாடி ஓடு, கூரான சாமான் ஒண்டும் பட விட்றாதீங்க. ஈரத்திலயும் வைக்க வேணாம்" என்று பிள்ளையை ஒப்படைப்பது போல் ஒப்படைத்தார். விறகுக் கொட்டகையில் ஒழுகாத இடத்தையெல்லாம் கார் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒழுகாத இடம் சாமியறை ஒன்றுதான். அங்கேயே சுவரோரமாக அடுக்கி, நனையாமல், பூனை ஏறாமல் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு கவனமாகச் செய்ததுதான் வினையாகிவிட்டது.

ஏனென்றால் மறுநாள் ஆயுத பூசை. உங்கள் வீட்டில் ஆயுத பூசை லாப்டாப்புக்கு ஒரு பொட்டு வைப்பதோடு முடிந்துவிடும். இங்கே அப்படியல்ல. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி, தேங்காய் துருவுகிற பலகை, என் மோட்டார் சைக்கிள், அதன் தலைக்கவசம், தையல் மெசின், உங்கள் கார், எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். என் மூக்குக்கண்ணாடியையும் உங்கள் மாமியார் விடவில்லை, அன்று முழுக்க எனக்கு உலகம் சந்தனமாகவே தெரிந்தது. சாமியறையில் சக்கரம் இருந்தால் சும்மா இருப்பாளா? ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொட்டு, கம்பிகளுக்குள்ளே நுழைத்துச் செவ்வந்தி மாலை, முன்னால் ஒரு குத்துவிளக்கு. "இது ரேஸ் சாமான், இதுக்கு எதுக்கு பூசை?" என்றேன். "ஓடுற சாமானுக்குத்தாங்க பூசை. நிக்கிற சாமானுக்கா பண்ணுவாங்க?" என்றாள். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மறுநாள் விஜயதசமி, அம்மாள் சப்பரம் ஏறித் தோட்டம் சுற்றி வருகிற நாள். சப்பரம் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்வது, யாரோ கழித்துவிட்ட ஜப்பான் வேன் ஒன்றின் அடிச்சட்டத்தில் பலகை அடித்து, மேலே கோபுரம் கட்டி, வடம் பூட்டி ஆட்கள் இழுக்கிற வண்டியை. பூசாரி அம்மாளை ஏற்றி உட்கார வைத்து, வடத்தில் ஆட்கள் கை வைத்ததும் பின்பக்கத்து டயர் ஒன்று படாரென்று வெடித்தது. கோயில் வெடி என்று நினைத்துச் சனம் அரோகரா போட்டது. சப்பரம் ஒரு பக்கம் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரிம்மும் நெளிந்துவிட்டது. மாற்றுச் சக்கரம் கிடையாது. ஏறிய அம்மாள் ஊர்வலம் முடியாமல் இறங்கக்கூடாது, அது இங்கே மாறாத வழக்கம்.

கோயில் தலைவர் ஜெயகுமார், பசறை ரூட்டில் பஸ் ஓட்டுகிறவர், வண்டியைத் தூக்க ஜெக் கேட்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தார். வாசலில் நின்றவருக்குச் சாமியறை நேரே தெரிந்தது. விளக்கு எரிகிறது, அதற்குப் பின்னால் பொட்டும் மாலையுமாக நாலு புதுச் சக்கரம். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து முதலில் கும்பிட்டார், பிறகு குனிந்து நட்டுத் துளைகளை எண்ணினார். ஐந்து. கையில் இருந்த துணியைத் துளைக்குத் துளை வைத்து இடைவெளி பார்த்தார். வேனுக்கும் ரேஸ் காருக்கும் ஒரே அளவில் துளை போட்ட அந்த ஜப்பான்காரரை நான் என்ன சொல்ல!

"கிளாக்கரய்யா, அம்மா நேத்தே வந்து சொல்லிட்டாளா? பூசையெல்லாம் முடிச்சு ரெடியா வச்சிருக்கீங்களே!" என்றார்.

"ஜெயகுமாரு, இது மாப்பிள்ளையோட சக்கரம். ஞாயித்துக்கிழம ஓட்டத்துக்கு வாங்கினது."

"மாப்பிள்ள குடுத்தா என்ன, நீங்க குடுத்தா என்னங்க? எல்லாம் ஒரே வீட்டு உபயம்தானே."

காரில் பூட்டியிருக்கிற பழைய சக்கரத்தைக் கழற்றித் தருகிறேன் என்றேன். அதற்கு ஜெயகுமார் வாய் திறப்பதற்குள் உங்கள் மாமியார் முந்திக்கொண்டாள். "அம்மாளுக்குப் பழசையா குடுப்பீங்க? கன்னத்துல போட்டுக்குங்க. ஒண்ண எடுத்துட்டுப் போங்க தம்பி." நான் கடைசி ஆயுதமாக, நீங்கள் ஒரு மாதம் போனில் புகட்டிய ஞானத்தை எடுத்துவிட்டேன். "ஒண்ண மட்டும் மாட்ட முடியாது ஜெயகுமாரு. வட்டம் வேற, அகலம் வேற, ஓஃப்செட் வேற. ஒரு பக்கமா இழுத்துச் சப்பரம் சாஞ்சிரும்." இதைக் கேட்டதும் ஆள் ஆசையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் புது மரியாதையோடு பார்த்தார். "ஐயா சொல்றது ரொம்பச் சரி" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "டேய், நாலையும் தூக்குங்கடா!" என்றார்.

நாலும் போனது. ஒற்றைச் சக்கரத்தோடு முடிந்திருக்க வேண்டியதை நாலாக்கியது உங்கள் பாடமும் என் வாயும். நான் பின்னாலேயே ஓடுவதற்குள் ஒலிபெருக்கியில், "அம்மாள் சப்பரத்துச் சக்கரங்கள் நாலும் உபயம், நமது பெரிய கிளாக்கரய்யாவின் மருமகன், கொழும்பு துஷாந்த் அவர்கள்" என்று அறிவித்து, அது எதிர்மலையிலும் கேட்டு, கீழ்ப்பிரிவிலிருந்து கைதட்டல் வந்துவிட்டது.

இழுக்கத் தொடங்கியதும் முன்பக்கம் கரகரவென்று உரசியது. சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டிருந்ததால், சப்பரத்தின் நாலு மூலையிலும் கட்டியிருந்த வாழைமரத்தில் டயர் பட்டுத் தேய்கிறது. எல்லாரும் முழித்தார்கள். நான்தான், "விளிம்ப மடிக்கணும்!" என்று கத்தினேன். பழக்கதோஷம். கவ்வாத்துக் கத்தியை வாங்கி நானே வாழைமரத்தின் அடியைச் செதுக்கினேன். நீங்கள் காருக்குச் செய்ய நினைத்ததை நாங்கள் வாழைக்குச் செய்து பார்த்துவிட்டோம். நன்றாக வருகிறது.

அடுத்தது தேங்காய். ஊர்வலப் பாதையில் வீட்டுக்கு வீடு சூறைத்தேங்காய் உடைப்பார்கள், ரோடு முழுக்கக் கூரான சிரட்டை. பின்னால் மெழுகு மாதிரி சொஃப்டான உங்கள் டயர் வருகிறது. ஹிஷாம் தம்பி சொன்னது என் காதில் மணி அடித்தது. யார் வீட்டு விளக்குமாறோ தெரியாது, பிடுங்கிக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் ஓடி ஓடிச் சிரட்டையைக் கூட்டித் தள்ளினேன். கூட்டும்போது உங்கள் முகம்தான் நினைவில் வந்தது, அழுகையும் வந்துவிட்டது. "பெரிய கிளாக்கரய்யா அழுதுகிட்டே அம்மாளுக்குப் பாத கூட்டுறாரு, பாருங்க" என்று சனம் உருகி, என் கழுத்தில் மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டிவிட்டது. கிளாக்கராக இருந்த காலமெல்லாம் கிடைக்காத மரியாதை உங்கள் டயரைக் காப்பாற்றப் போய்க் கிடைத்தது. இதை நான் யாரிடம் போய் விளக்குவேன்?

ஃபெக்டரி முடக்கு உங்களுக்குத் தெரியும், கார் அடிவயிறு தட்டிய கானுக்கு மேலே இருக்கிற கொண்டையூசி வளைவு. வருடா வருடம் அங்கே சப்பரம் வெளிப்பக்கம் சாயும். சாயாமல் இருக்க, தோட்டத்திலேயே கனமான ஆட்களாகப் பார்த்து, உச்சியில் கட்டிய கயிற்றில் உள்பக்கமாகத் தொங்கவிடுவோம். அப்படியும் போன வருடம் அம்மாள் மாலை கழன்று பூசாரி தலையில் விழுந்தது. இந்த வருடம் அந்த முடக்கில் நடந்ததைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இன்று காலை ஜெயகுமார் பெயின்ட்காரரைக் கூட்டி வந்து, சப்பரத்தின் இரண்டு பக்கமும், 'சக்கரம் உபயம்: திரு. துஷாந்த், கொழும்பு' என்று சிவப்பில் எழுதிவிட்டார். எழுத்து பெரிது, அம்மாள் பெயரை மேலே ஏற்றி எழுத வேண்டியதாயிற்று. இனி அதைக் கழற்றித் தாருங்கள் என்று நான் போய்க் கேட்டால், இந்தத் தோட்டத்தில் எனக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. நீங்கள் கேட்டால் உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டையே சும்மா விடமாட்டார்கள்.

ஆகையால் மாப்பிள்ளை, இதை ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரை விற்றுவிடுங்கள். இழுத்துத் திறக்கிற கதவு வைத்த ஒரு வேன் வாங்குங்கள், குடும்பமும் பெட்டிகளும் ஒன்றாகப் பயணம் செய்யட்டும். ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி ஓடி எந்த ஊருக்கும் போய்ச் சேராத ஓட்டம் குடும்பஸ்தனுக்கு வேண்டாம். இருநூற்றைந்து போதும் என்று நான் முதல் நாளே சொன்னேன், நீங்கள் கேட்டிருந்தால் புதுச் சக்கரமும் வந்திருக்காது, சப்பரமும் ஏறியிருக்காது. இனி டயர், ரிம், ஓஃப்செட் என்ற எந்த வார்த்தையும் என்னிடம் எடுக்க வேண்டாம். என் விரல்கள் இனி எந்த மட்கார்டுக்குள்ளும் போகாது, இது முடிவு.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் உங்கள் போன் வந்தது, எடுக்கவில்லை. சக்கரம் இல்லை என்றால் இனி என்னிடம் பேச உங்களுக்கு என்ன இருக்கிறது? மறுபடியும் "சுகமா மாமா, இந்தா தனுஜாகிட்ட குடுக்கிறேன்" என்று ஆகிவிடும். அது ஒன்றுதான் எனக்குக் கவலை, மற்றபடி ஒன்றுமில்லை.

நீங்களும் தனுஜாவும் ஒரு குறையும் இல்லாமல், நல்ல பிள்ளைகளைப் பெற்று, மூன்றுக்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள வாழ்வு வாழ அம்மாள் அருளட்டும். மகளுக்கு எங்கள் முத்தம். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம், அவர்களிடம் விளக்குமாறு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மாமனார்,
நல்லையா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், ஹிஷாம் தம்பி வரத் தாமதம், அதனால் ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். இருநூற்று இருபத்தைந்துதான் சரி. நான் சொன்ன இருநூற்றைந்தை மறந்துவிடுங்கள். ஃபெக்டரி முடக்கில் கனமான ஆட்கள் வழக்கம் போல் கயிற்றில் தொங்கினார்கள், ஆனால் சப்பரம் ஒரு விரல்கூடச் சாயவில்லை மாப்பிள்ளை, யாருடைய விரலாலும்! ரோட்டில் ஒட்டவைத்த மாதிரி முழு வளைவும் திரும்பியது, அம்மாள் மூக்குத்திகூட ஆடவில்லை. தொங்கியவர்கள் தங்களுக்கு வேலை போய்விட்டது என்று ஜெயகுமாரோடு சண்டைக்குப் போய்விட்டார்கள். நான் விளக்குமாற்றோடு வாயைப் பிளந்து நின்றேன். உடனே உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் கை பரபரத்தது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்பதற்காக, பெயின்ட்காரர் வருவதற்கு முன்னால், சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்து, உங்கள் காரை அதே முடக்கில் பழைய இருநூற்றைந்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் கொஞ்சம் வழுக்கியது. சந்தேகம் தீர இன்னொரு முறை ஓட்டினேன். பிறகு கூரையை மடித்துவிட்டு ஒருமுறை. கார் சௌக்கியம், ரோட்டோரத் தேயிலைச் செடி ஒன்றுதான் பருவத்துக்கு முன்னால் கவ்வாத்தாகிவிட்டது. உங்கள் மாமியார் கோயிலில் இருந்தாள், அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அதே அளவில் இன்னொரு செட்டு எடுத்துவரச் சொல்லி ஹிஷாம் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டேன். எட்டு அங்குலம், ஓஃப்செட் மட்டும் நாற்பத்தைந்து, அதற்குக் கீழே போக வேண்டாம், வாழைமரம் பட்ட பாட்டை என் கண்ணால் பார்த்தேன். வந்ததும் சாமியறையில் வைக்க மாட்டேன், என் கட்டிலுக்கு அடியில்தான் வைப்பேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள். அந்தக் காரில் இரண்டே இருக்கை என்பது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனுஜாவும் அவள் அம்மாவும் சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸில் வரட்டும், ஜன்னலோரம் கிடைக்கும். என் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன், பொட்டு மட்டும் போகவில்லை. ஓடும்போது உங்களுக்கு என்னோடு பேச நேரம் இருக்காது என்று தெரியும். பரவாயில்லை மாப்பிள்ளை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.